வழுவறியும் வழி

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதுவோர் பலர், பொறி எவ்வளவு கற்றது, எவ்வளவு விரைந்து விடை தருகின்றது என்பவற்றையே அளந்து அமைகின்றனர். அவ்விடையைப் பெறுபவர் யார், அது பிழைபட்டால் அவர் யாது செய்வார் என்று வினவுவது மனிதர்–கணினி ஊடாட்டம் என்னும் ஆய்வுத்துறை. அத்துறையில் எழுந்த கட்டுரை ஒன்று தமிழாசிரியர்களும் எண்ணிப் பார்க்கத் தக்கது. சலீமா அமெர்ஷி முதலிய ஆய்வாளர்கள் 2019 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ மாநாட்டில் வெளியிட்ட அக்கட்டுரை, நுண்ணறிவுக் கருவிகளை அமைப்போர் கைக்கொள்ளற்குரிய 18 நெறிகளை வகுத்துரைக்கின்றது.

நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள் உடன்படல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது. அம்முறையே ஈண்டும் பொருந்தும்.

உடன்படத் தக்கவை பல. கருவி தன்னால் இயல்வது இது என முன்னரே தெரிவித்தல் வேண்டும். எந்த அளவு பிழை நேரும் என்பதையும் உணர்த்துதல் வேண்டும். ஐயம் தோன்றும்போது துணிந்து செயற்படாது, தன் செயலைச் சுருக்கிக் கொள்ளுதல் வேண்டும். அது தவறும்போது எளிதில் திருத்த வழி இருத்தல் வேண்டும். இவை வெறும் கற்பனையில் விளைந்தவை அல்ல. 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வுரைகளினின்று திரட்டப் பெற்றவை. வடிவமைப்புத் தொழிலில் ஈடுபட்டோர் 49 பேர், வழக்கிலிருந்த 20 கருவிகளோடு இவற்றைப் பொருத்திப் பார்த்தனர். பொறியின் ஆற்றலையே புகழ்ந்து பேசும் காலத்தில், அதன் குறையை வெளிப்படச் சொல்லுக என்று விதித்தது இக்கட்டுரையின் சிறப்பு.

இனி, இந்நெறிகளைத் துவாஸ் வட்டாரத்திற்குக் கொண்டு சென்று பார்ப்போம். சிங்கப்பூரின் மேற்குக் கோடியாகிய அவ்விடத்தில் கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. 2022 ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பெற்ற துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் சரக்குப் பெட்டிகளைச் சுமந்து செல்கின்றன. அதே வட்டாரத்துத் தங்கும் விடுதிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரும் வாழ்கின்றனர். மேற்பார்வையாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கையை மொழிபெயர்க்கும் கருவி தமிழாக்கி, அத்தகைய தொழிலாளி ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்புவதாகக் கொள்வோம். ‘சோதனை முடியும்வரை இயந்திரத்தை இயக்க வேண்டா’ என்பது கருத்து. ‘வேண்டா’ என்பது ‘வேண்டும்’ என மாறிவிடின் விளைவு யாது? தொடர் இலக்கண வழுவின்றியே நிற்கும், ஓசையும் கெடாது, பொருளோ உயிருக்கே ஊறு செய்யும்.

நகைப்பிற்கிடமான பிழை தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். ‘லாவ் பா சாட்’ என்னும் உணவு அங்காடியின் பெயரில் உள்ள ‘சாட்’ என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாகக் கொண்டு, ‘சனி’ எனத் தமிழாக்கிய பெயர்ப்பலகை 2014 ஆம் ஆண்டில் கண்டனத்திற்கு உள்ளாயிற்று, பின்னர்த் திருத்தப்பெற்றது. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் கண்ட மாத்திரத்தில் அதை உணரலாம். ஆனால், சரளமான பிழையை மூலம் அறியாதவர் எங்ஙனம் உணர்வார்? திருத்தும் வசதி அவர் விரல் நுனியிலேயே இருப்பினும் பயனில்லை. திருத்த வேண்டும் என்பதையே அவர் அறியார்.

இங்கேதான் அக்கட்டுரை ‘குன்றக் கூறல்’ என்னும் குற்றத்திற்கு இடந்தருகின்றது. பயன்படுத்துவோரின் சமுதாய, பண்பாட்டுச் சூழலுக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்று ஒரு நெறி உண்டு. எனினும், மூலமொழி அறியாதவர் பிழையைக் கண்டுகொள்ளும் வழி 18 நெறிகளுள் தனித்து ஓதப்படவில்லை. திருத்துபவர் பிழையை அறிவார் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்டுள்ளது.

மேற்பார்வைக்கு மனிதர் ஒருவரை அமர்த்தினால் போதாதோ எனின், போதாது. லிசேன் பெயின்பிரிட்ஜ் என்னும் அறிஞர் 1983 ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கினார். பொறியைக் காவல் காக்க மட்டும் அமர்த்தப்பெற்றவர் நாளடைவில் தொழிற்பயிற்சியை இழக்கிறார். நெருக்கடி நேரும்போதோ அப்பயிற்சியே தேவைப்படுகின்றது.

ஆதலின் வேறு வழிகள் வேண்டும். தமிழாக்கத்தை மீண்டும் ஆங்கிலமாக்கி, அனுப்பியவருக்கே முதலில் காட்டலாம். தம் கருத்தை அறிந்தவர் அவரே ஆதலின், ‘வேண்டா’ ‘வேண்டும்’ ஆனதை அவர் கண்டுகொள்ளுதல் கூடும். அம்மீள்பெயர்ப்பும் பிழைபடக் கூடுமாதலால் அது மட்டும் போதாது. எதிர்மறைச் சொற்களையும் எண்களையும் தனித்து எடுத்துக்காட்டலாம். பெற்றவர் தாம் உணர்ந்ததைத் தம் சொற்களால் திருப்பிச் சொல்லுமாறு கேட்கலாம். மாணாக்கன் தலையசைத்ததைக் கொண்டு பாடம் விளங்கிற்று என முடிவு செய்யாத ஆசிரியர்க்கு இம்முறை புதிதன்று.

சிங்கப்பூரில் உருவாகி 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சீ-லயன்’ என்னும் மொழி மாதிரி, தமிழையும் தன்னுள் கொண்டது. பொறிக்கு நல்ல தமிழ் கற்பித்தல் இன்றியமையாத பணியே. ஆயின் அது பாதிப் பணி. ஏனைப் பாதி, பொறி தவறும் இடத்தைத் தொழிலாளர் அறிந்து நிறுத்துமாறு கருவியை அமைத்தல். அதற்குத் துவாஸ் தொழிலாளரையும் தமிழ் கற்பிப்போரையும், கருவி முடிந்தபின் அன்று, அமைக்கத் தொடங்கும்போதே கலந்து கொள்ளுதல் வேண்டும். வழுவை அறியும் வழி அமைந்த பின்னரே திருத்தும் உரிமை பொருளுடையதாகும்.