மீந்துபோனவர்கள் யார்?

எஸ்கே-2 என்ற அழகுசாதன நிறுவனம் 2016 ஏப்ரலில் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. நான்கு நிமிடம் ஓடும் அந்தப் படத்தை என் தோழிகள் பலர் கண்ணீரோடு பார்த்திருக்கிறார்கள். எனக்கும் அது பிடித்த படம்தான். பிடித்திருப்பதாலேயே மறுபடி நிதானமாகப் பார்க்கத் தோன்றுகிறது.

களம், ஷாங்காய் நகரத்தின் மக்கள் பூங்கா. வார இறுதி நாட்களில் அங்கே பெற்றோர் கூடுகிறார்கள். தரையில் விரித்துவைத்த குடைகளின்மேல் தாள்கள். மகளுடைய அல்லது மகனுடைய பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு, ஷாங்காயில் குடும்பப் பதிவு உண்டா என்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. படத்தில், திருமணமாகாத பெண்கள் தங்கள் மனவலியைப் பேசுகிறார்கள். மகள் அப்படியொன்றும் அழகில்லை, அதனால்தான் மீந்துவிட்டாள் என்று ஒரு தாய் சொல்ல, பக்கத்திலேயே மகள் கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் அந்தப் பூங்காவில் இந்தப் பெண்களின் பெரிய புகைப்படங்கள் நிற்கின்றன. விவரப் பட்டியல் இருந்த இடத்தில் அவர்களுடைய சொந்தச் சொற்கள். பெற்றோர் வந்து படிக்கிறார்கள், மனம் இளகுகிறார்கள்.

மகள்களுக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதிக்குப் பொறுப்பு யார்? படம் கைகாட்டுவது பெற்றோரை, அதிலும் குறிப்பாகத் தாயை. இங்கேதான் நான் முரண்படுகிறேன்.

‘ஷெங் நூ’ என்ற சொல்லை அந்தத் தாய் உண்டாக்கவில்லை. ‘மீந்துபோன பெண்’ என்று பொருள். சாப்பிட்டு மீந்த சோற்றுக்கும் கறிக்கும் சொல்கிற அதே ‘ஷெங்’தான் இது. 27 வயதைத் தாண்டியும் மணமாகாத பெண்களைக் குறிக்கும் இந்தச் சொல்லை 2007இல் சீனக் கல்வி அமைச்சகம் புதிய சொற்களின் பட்டியலில் சேர்த்தது. அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பும் அதைப் பரப்பியது. பெண்களின் உரிமைக்கென்று உள்ள அமைப்பு அது. 2010 கணக்கெடுப்பின்படி அங்கே 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 118 ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தைக் கொள்கையும் ஆண்பிள்ளை ஆசையும் சேர்ந்து செய்த வேலை. எண்ணிக்கையில் மீந்து நிற்பவர்கள் ஆண்கள். ஆனால் இந்தப் பட்டம் பெண்களுக்கு.

அந்தப் பட்டத்தால் என்ன லாபம், யாருக்கு லாபம் என்பதை லெட்டா ஹாங் ஃபிஞ்சர் 2014இல் வெளியான ‘மீந்துபோன பெண்கள்’ நூலில் காட்டுகிறார். வயது போகிறதே என்ற பயத்தில் பெண்கள் பேரம் பேசாமல் மணம் செய்துகொள்கிறார்கள். தங்கள் சேமிப்பை வீட்டுக்குப் போடுகிறார்கள், பத்திரத்திலோ கணவன் பெயர் மட்டும். 2011இல் உச்ச மக்கள் நீதிமன்றம் திருமணச் சட்டத்துக்கு ஒரு விளக்கம் தந்தது. பெற்றோர் வாங்கித் தம் பிள்ளை பெயரில் பதிந்த வீடு, மணமுறிவின்போது அந்தப் பிள்ளைக்கே உரியது என்றது. வழக்கமாக வீடு வாங்கித் தருவது மாப்பிள்ளை வீட்டார் என்றிருக்கும் சமூகத்தில் இதனால் யாருடைய கை ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடைமேல் உள்ள தாளில் ‘வீடு’ என்பதும் ஒரு வரி. வீடு யார் பெயரில் என்று படம் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் கேட்கப்படவில்லை. 2015 மார்ச்சில், மகளிர் தினத்துக்கு முன்பாக, சீனாவில் ஐந்து பெண்ணியவாதிகள் கைதானார்கள். பேருந்திலும் ரயிலிலும் நடக்கும் பாலியல் சீண்டலுக்கு எதிராக ஒட்டுத்தாள்கள் விநியோகிக்கத் திட்டமிட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். 37 நாள் காவலில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு முகப்பூச்சு விற்கும் நிறுவனம் அதே நாட்டில், பொதுப் பூங்காவில், பெண்களின் ஆளுயரப் படங்களை நிறுத்துகிறது. பெண் தன் வலியைச் சொல்லலாம், வீட்டாரிடம் மட்டும் சொல்லலாம் என்ற எல்லைக்குள் இருந்ததால் அந்தப் படங்கள் யாரையும் உறுத்தவில்லை.

2013இல் சீனாவில் 1 கோடியே 34 லட்சம் திருமணங்கள் பதிவாயின. 2024இல் 61 லட்சம். இளையோர் தொகை குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். அதை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய சரிவை விளக்க முடியாது. பெற்றோர் மனம் இளகட்டும் என்று பல பெண்கள் காத்திருக்கவில்லை.

இந்தப் படத்தை மாணவிகளுக்குக் காட்ட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காட்டுங்கள். அழுது முடித்தபின், அந்தக் குடையும் தாளும் வரும் இடத்துக்குத் திரும்பிப்போய் படத்தை நிறுத்துங்கள். சம்பளம், வீடு, குடும்பப் பதிவு என்று ஒவ்வொரு வரியாகப் படித்து, அதை எழுதவைத்தது யார் என்று கேளுங்கள். பதில் அம்மாவோடு முடியாது.