நீலக் கட்டம் போட்ட மாட்டுத்தடம்

அஞ்செட்டியில் ஒரு டீக்கடையில் போன தை மாசம் கேட்ட விஷயம்தான் இந்தக் குறிப்புக்குக் காரணம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்ததும் கடைக்காரர், "நீங்களும் அந்தக் கோட்டைப் பாத்துட்டு வந்தவருங்களா?" என்றார். என்ன கோடு என்றேன். பெங்களூர்ப் பசங்க போனைப் பார்த்துக்கொண்டே வர்றாங்களாம், யாரிடமும் வழி கேட்பதில்லையாம். ஒரு நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு மேல் நாலு பேர் மாட்டுத்தடத்தில் இறங்கியிருக்கிறார்கள். கீழே பள்ளத்தில் ஆனைக் கூட்டம். மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வந்த ஒரு அம்மா தடியைக் குறுக்கே நீட்டி, "ஏம்பா, சாவறதுக்கா போறீங்க?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு பையன் போனைக் காட்டி, "இதுல ரூட் இருக்கேம்மா" என்றானாம். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராத்திரி ஒசூர் வந்து சேர்ந்ததும் தேடிப் பார்த்தேன். அது நான் 2022-ல் ஏற்றிய கோடு. கீழே என் குறிப்பு: "நீலம். அருமையான இறக்கம். ஆள் நடமாட்டம் இல்லை."

இந்தப் பதிவு அந்த ஒன்றரை வரியின் மீதான விமர்சனம். அப்படி எழுத எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுகோலையும் சேர்த்துத்தான்.

தெரியாதவர்களுக்காக: மலைச் சைக்கிள் தடங்களுக்கு நிறம் போடும் பழக்கம் உண்டு. சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் ஒன்று 1988-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் முறைப்படி வெள்ளை, பச்சை வட்டம், நீலக் கட்டம், கறுப்பு வைரம், இரட்டை வைரம். பார்ப்பது தடத்தின் அகலம், மேற்பரப்பு, சராசரிச் சரிவு, அதிகபட்சச் சரிவு, நடுவில் கிடக்கும் கல், மரம் போன்ற தடைகள். 24 அங்குல அகலமும், 10 சதவீதத்துக்குள் சராசரிச் சரிவும் இருந்தால் நீலத்துக்குள் வரும். அஞ்செட்டித் தடம் இரண்டடி அகலம், சரளை, ரெண்டு மூணு இடத்தில் முண்டுக்கல். அளவுகோல்படி நான் போட்ட நிறம் சரி. சங்கடமே அதுதான்.

அந்த முறை பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து எடுத்துத் தழுவியது. பனிச்சரிவில் சறுக்குபவனைத் தவிர வேறு யாருக்கும் வேலை இல்லை. அந்தச் சரிவைச் சறுக்கவென்றே ஒதுக்கி, விளிம்பில் கொடி நட்டு, சாயங்காலம் மூடுவார்கள். அங்கே "எனக்கு எவ்வளவு கஷ்டம்?" என்ற ஒரே கேள்வி போதும். சைக்கிளுக்கென்று வெட்டிய தடத்துக்கும் போதும். வேறு யாரோ நடந்து நடந்து உண்டாக்கிய தடத்தில் அதே கேள்வியை மட்டும் கேட்டால், பதில் சரியாக வந்தும் குறிப்பு தப்பாகிவிடுகிறது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், நிறைய ஊர்ப் பெயர்கள் "தொட்டி" என்று முடியும். கன்னடத்தில் தொட்டி என்றால் மாட்டுப்பட்டி. காவிரிக்கரைக் காடுகளில் பட்டி போட்டு மாடு வளர்த்த ஊர்கள் இவை. ஆலம்பாடி இன மாடு இந்தக் காவிரிப் பக்கத்து இனம்தான். பட்டியிலிருந்து தண்ணிக்கு, தண்ணியிலிருந்து மேய்ச்சலுக்கு, மறுபடி பட்டிக்கு. ஒரு தடம் ஏன் அந்த இடத்தில் வளைகிறது, ஏன் பள்ளத்தை நோக்கி இறங்குகிறது என்பதற்கெல்லாம் மாட்டின் கணக்கு ஒன்று இருக்கிறது. வளைவை ரசித்து எழுதிய எனக்கு அந்தக் கணக்கு தோணவே இல்லை. "ஆள் நடமாட்டம் இல்லை" என்று எழுதினேனே, அன்றைக்கு நான் போனது காலை பதினொன்றரைக்கு. மாடு மேய்ச்சலில் இருக்கும் நேரம். நாள் முழுக்க நடமாடும் ஒரு வழியை, ஆள் இல்லாத அரை மணி நேரத்தில் கடந்துவிட்டு ஊருக்கே அறிவித்திருக்கிறேன்.

சட்டமும் கோட்டில் தெரியாது. இந்தச் சுற்றுவட்டாரக் காடுகளைச் சேர்த்து காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கும் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று சொல்கிறது: பணியில் இருக்கும் அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே நிலம் போன்ற உரிமை உள்ளவர், பொதுச் சாலையில் கடந்துபோகிறவர், இன்னும் சிலர். ஆக, தார்ச் சாலையில் நான் வழிப்போக்கன். சாலையை விட்டு டயர் சரணாலயத் தடத்தில் இறங்கியதும் அனுமதி இல்லாதவன். அதே தடத்தில் உரிமையோடு நடக்கிறவர்களும் உண்டு. ஒரே மண், மிதிப்பது யார் என்பதைப் பொறுத்து வேற வேற வழி. இதற்கு எந்த நிறம் போடுவது?

அடுத்தது ஆனை. பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடியும் சமயத்தில், கேழ்வரகு முற்றும் நேரம் பார்த்து, ஆனைகள் இறங்குகின்றன. ராத்திரி பரண் மேல் உட்கார்ந்து காவல் காப்பவர்களுக்கு அதன் வழி தெரியும். நமக்கு அந்த மாதங்கள்தான் 'சீசன்'. வெயில் இல்லை, மண் இறுகி இருக்கும், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலிருந்து காவிரி வரை இறங்கலாம். போதாததற்கு வழி நெடுக உண்ணிச்செடிப் புதர், பத்தடிக்கு அப்பால் தெரியாது.

சைக்கிள் சத்தம் போடாது என்பதை நாங்கள் பெருமையாகச் சொல்வோம். 2016 ஜூன் 29-ல் அமெரிக்காவின் மான்டானாவில், பனியாறு தேசியப் பூங்கா அருகே, காட்டு வழியின் வளைவு ஒன்றில் சைக்கிளில் வேகமாக வந்தவர் பழுப்புக் கரடி மீதே மோதினார். கரடி அவரைக் கொன்றுவிட்டது. அவர் வனத்துறையில் வேலை பார்த்தவர், அந்தக் காட்டை அறிந்தவர். பிறகு நடந்த ஆய்வு சுட்டிய காரணங்கள் வேகம், சத்தமின்மை, குறைவான பார்வைத் தூரம். மூன்றும் நான் நீலம் போட்ட தடத்தில் இருக்கின்றன. நாங்கள் தேடிப் போவதும் அந்த மூன்றைத்தான்.

நண்பர்கள் சிலர் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள். "பைக்ல போறவன், ரிசார்ட் கட்டறவன் எல்லாரையும் விட்டுட்டு சைக்கிள்காரனைப் பிடிச்சுக்கிட்டியே" என்பார்கள். சேதத்தைப் பொறுத்தவரை அது நியாயமான பேச்சு. மலையேற்றத்துக்கு மட்டும் அரசே வழி திறக்கிறதே என்றும் கேட்பார்கள். உண்மைதான், 2024 அக்டோபரில் 40 தடங்களோடு வனத்துறை ஒரு திட்டம் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டமும் அதில் உண்டு. ஆனால் அதில் முன்பதிவு இருக்கிறது, உள்ளூர் வழிகாட்டி கூட வருகிறார். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. சைக்கிளுக்கும் அதுமாதிரி ஒன்று இரண்டு தடம் திறந்தால் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன். எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும், அதை மறைக்கவில்லை.

இந்த விளையாட்டின் பிறப்பையும் கொஞ்சம் நினைக்கலாம். கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் 1976 அக்டோபர் 21-ல் நடந்த முதல் 'ரீபேக்' இறக்கப் போட்டி, தீயணைப்பு வண்டிகளுக்காகப் போட்ட மண் ரோட்டில் நடந்தது. பழைய பின்மிதி பிரேக் சூடேறி ஹப்பில் இருந்த கிரீஸ் எல்லாம் புகைந்துவிடும், ஒவ்வொரு தடவையும் புதுசாக அடைக்கணும். அதனால்தான் அந்தப் பெயர். வண்டி ரோட்டில் இருந்தவரை பெரிய தகராறு இல்லை. நடைபாதைகளுக்குள் சைக்கிள் நுழைந்ததும் நடப்பவர்களோடும் குதிரைக்காரர்களோடும் தொடங்கிய சண்டை அங்கே இன்றைக்கும் ஓயவில்லை. அவர்களாவது அதே ஊர்க்காரர்கள், கூட்டம் போட்டு முகத்துக்கு முகம் கத்திக்கொள்கிறார்கள். அஞ்செட்டி அம்மாவுக்கு என் குறிப்பைப் படிக்கவோ மறுப்பு எழுதவோ வழி இல்லை. தடியை நீட்டினார், அவ்வளவுதான்.

மறுநாளே கோட்டை எடுத்துவிட்டேன். அதற்குள் மூன்று பேர் அதே தடத்தில் போய்த் தங்கள் பெயரில் ஏற்றியிருந்தார்கள். ஒருவர் என் வரியை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார். மூவருக்கும் எழுதினேன், மாடு, ஆனை, சரணாலயம் எல்லாம் விளக்கி. ஒருவரிடமிருந்து மட்டும் பதில் வந்தது: "தேங்க்ஸ் ப்ரோ. ஆனை பார்க்கணும்னா எந்த மாசம் போகலாம்?"