முதுமையடையும் காரும் தானியங்கிக் கியர்பாக்ஸும்: இலங்கை, இந்தியப் பராமரிப்பு முறைகள்

பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடந்த காரின் தானியங்கிக் கியர்பாக்ஸில் பழுது தோன்றும்போது அதைக் கையாளும் முறை இலங்கையிலும் இந்தியாவிலும் வெவ்வேறாக வளர்ந்துள்ளது. இலங்கையில் கியர்பாக்ஸை முழுமையாகக் கழற்றி மாற்றுவது வழக்கமாகியிருக்க, இந்தியாவில் அதைத் திறக்கத் தயங்கி நிறுவனத்தின் சேவை நிலையத்திடம் விட்டுவிடுவதோ, காரையே விற்றுவிடுவதோ மிகுதியாக உள்ளது. இவ்விரு போக்குகளுக்கும் இடையில் அமைய வேண்டிய படி, பழுது எந்த உறுப்பில் உள்ளது என்பதை அளந்து அறிவதாகும். இரு நாடுகளிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இந்தப் படியே.

வேறுபாட்டின் வேர் கார்கள் வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது. இலங்கையின் கார்களில் பெரும்பகுதி, ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடியபின் ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் இறக்குமதியானவை என்பதாலும், ஜப்பானிய உள்நாட்டுச் சந்தையில் தானியங்கிக் கார்களே மேலோங்கியிருந்தன என்பதாலும், கொரோலா, அலியன், விட்ஸ் முதலிய கார்களின் வழியே தானியங்கிக் கியர் அந்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் அன்றாடப் பொருளாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனிப்பயன் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், இடைப்பட்ட ஆண்டுகளில் மாற்றப்பட்டிருக்க வேண்டிய கார்கள் சாலையிலேயே முதுமையடைந்தன. இந்தியாவிலோ பழைய கார் இறக்குமதியைக் கடும் வரியும் நிபந்தனைகளும் தடுத்துவந்தன. உள்நாட்டில் உற்பத்தியான கார்களிலும் பல பத்தாண்டுகள் கைக்கியரே ஆட்சி செய்தது. மாருதி சுசூகி 2014இல் செலேரியோ காரில் ஏ.எம்.டி. என்னும் தானியக்கக் கைக்கியர் முறையைக் கொண்டுவந்த பின்னரே சிறிய, விலை குறைந்த கார்களில் தானியங்கிக் கியர் பரவலாயிற்று.

பராமரிப்பைப் புரிந்துகொள்ளத் தானியங்கிக் கியர்பாக்ஸ் வகைகளின் அமைப்பைப் பிரித்தறிய வேண்டும். மரபான தானியங்கிக் கியர்பாக்ஸில், எஞ்சினின் சுழற்சியை எண்ணெயின் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும், ஒரு நடுச் சக்கரத்தைச் சுற்றிப் பல சிறு பற்சக்கரங்கள் சுழலும் கோள்பற்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிடித்தும் விடுவித்தும் கியர் மாற்றும் எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டுகளும் உள்ளன. சி.வி.டி. எனப்படுவதில் படிப்படியான கியர்களுக்குப் பதிலாக விட்டம் மாறும் இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் உலோகப் பட்டையும் இயங்குகின்றன. இலங்கையில் மிகுதியாகக் காணப்படும் பிரியஸ், அக்குவா போன்ற டொயோட்டா ஹைபிரிட் கார்களில் பட்டையோ கியர் மாற்றும் கிளட்ச் தட்டுகளோ இல்லை. கோள்பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும் அப்பணியைச் செய்கின்றன. ஏ.எம்.டி. என்பது வழக்கமான கைக்கியர் பெட்டியே. காலும் கையும் செய்த வேலையை அதில் கணினியின் கட்டளைப்படி இயங்கும் ஆக்சுவேட்டர் என்னும் இயக்கிக் கருவி செய்கிறது.

இலங்கைக் கராஜ்களில் கியர் நழுவுதலோ அதிர்வோ தோன்றினால், கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் கிடைக்கும், ஜப்பானில் பிரிக்கப்பட்ட காரொன்றின் கியர்பாக்ஸை வாங்கிப் பொருத்துவது எளிய தீர்வாகக் கருதப்படுகிறது. இம்முறை வாகனத்தை விரைவில் சாலைக்குத் திருப்புகிறது. உரிமையாளரும் செலவை முன்கூட்டியே அறிகிறார். ஆயினும் வாங்கிய கியர்பாக்ஸின் கடந்தகாலம் தெரியாது என்பதோடு, வெளித்தோற்றத்தில் ஒத்த பெட்டிகள் சொலினாய்டு எனப்படும் மின்வால்வுகளிலும் கணினி இணைப்பிலும் வேறுபடவும் கூடும். மூலப்பழுது எண்ணெய்க் குளிர்விப்பானிலோ, மின்கம்பியிலோ, எஞ்சினைத் தாங்கும் மவுண்டிலோ இருந்தால், புதிதாகப் பொருத்தியதும் அதே குறையைக் காட்டும். 2022இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு உயர்ந்தபின் மாற்றீட்டின் செலவும் பெருகியதால், பழுதுபார்த்தலின் பொருளாதாரம் அங்கு மாறிவிட்டது.

இந்திய மெக்கானிக் ஷெட்டுகள் கைக்கியரிலும் கிளட்சிலும் தேர்ந்தவை, ஆகவே ஏ.எம்.டி. காரின் தேய்ந்த கிளட்ச் தட்டை அவை தயங்காமல் மாற்றுகின்றன. ஆனால் புதிய தட்டு எவ்விடத்தில் பற்றத் தொடங்குகிறது என்பதை ஸ்கேனர் கருவியின் வழியே கணினிக்குக் கற்பிக்காவிட்டால், தட்டு புதிதாக இருந்தும் குலுக்கல் தொடரும். டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வகைப் பழைய கார்களின் நிலை இதைவிடக் கடினமானது. அவை எண்ணிக்கையில் குறைந்தும் பல மாதிரிகளாகச் சிதறியும் உள்ளமையால், சென்னைப் புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கைக்கியர் பெட்டி கிடைப்பதுபோல் இவை எளிதில் கிடைப்பதில்லை. சேவை நிலையமோ முழுத் தொகுதியையும் புதிதாக மாற்றப் பரிந்துரைக்கும்போது அச்செலவு காரின் மறுவிற்பனை விலையை நெருங்கிவிட, சிறிய வால்வுப் பழுதுக்காக ஓடக்கூடிய கார் கைவிடப்படுகிறது.

இரு நாடுகளுக்கும் பொதுவான குறை எண்ணெயைப் பற்றியது. தானியங்கிக் கியர்பாக்ஸின் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நில்லாமல், அழுத்தத்தால் கிளட்சுகளை இயக்கி, வெப்பத்தையும் கடத்துகிறது. டொயோட்டாவின் டி-4 எண்ணெயும், பின்வந்த குறைந்த பாகுத்தன்மையுள்ள டபிள்யு.எஸ். எண்ணெயும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, நிஸ்ஸான் சி.வி.டி.க்குரிய என்.எஸ்-2, என்.எஸ்-3 போன்றவற்றின் இடத்தில் சாதாரணத் தானியங்கி எண்ணெயை ஊற்றினால் பட்டையின் பிடிப்பே கெடும். வடிகால் திருகைத் திறந்தால் பெரும்பாலும் பாதிக்கும் குறைவான எண்ணெயே வெளிவரும். எஞ்சியது டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும் என்பதால், இடைவெளி விட்டுச் சிலமுறை மாற்றுவதே முழுப் பயன் தரும். அளவுகோல் இல்லாத பெட்டிகளில் எண்ணெய் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸில் இருக்கும்போது வழிதுளையின் மூலம் மட்டம் பார்க்க வேண்டியிருக்க, அதைக் கைக்கணிப்பில் நிரப்புவது பழுதை விலைக்கு வாங்குவதாகும். ‘வாழ்நாள் எண்ணெய்’ என்ற விற்பனை வாக்கை நுவரெலியா, உதகை மலையேற்றங்களும் கொழும்பு, சென்னை நெரிசல்களும் பொய்யாக்குகின்றன. எண்ணெய் மாற்றினால் பழைய கியர்பாக்ஸ் கெடும் என்ற அச்சமும் காரணத்தைத் தவறாகக் காண்பதே. அத்தகைய பெட்டிகளில் கிளட்ச் தட்டுகள் பெரும்பாலும் முன்னரே தேய்ந்திருக்கும்.

ஆய்வு ஒழுங்குமுறைப்படி நடைபெற்றால் பழுதின் இடம் பெரும்பாலும் வெளிப்படும். எண்ணெய் கருகிய மணம் வீசினால் தட்டு எரிந்திருக்கும்; பால்நிறமானால் குளிர்விப்பான் வழியே நீர் கலந்திருக்கும்; அடித்தட்டுக் காந்தத்தில் மென்சாம்பல் படிவது இயல்பு, உலோகத் துண்டுகள் கிடப்பது ஆபத்து. அடுத்து ஸ்கேனரில் பிழைக்குறிகளைப் பார்த்து, நடுநிலையிலிருந்து கியருக்கு மாற்றும்போது ஏற்படும் தாமதத்தை அளக்க வேண்டும். டொயோட்டாக் கையேடுகள் முன்செலுத்தலுக்கு 1.2 நொடிக்கும் பின்செலுத்தலுக்கு 1.5 நொடிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என வரையறுக்கின்றன. தேவையெனில் பிரேக்கை அழுத்தியபடி ஐந்து நொடிக்கு மேற்படாமல் ஆக்சிலேட்டரை மிதித்துச் செய்யும் ஸ்டால் சோதனையில், முன், பின் இரண்டிலும் எஞ்சின் வேகம் மிகுந்தால் எண்ணெய் அழுத்தக் குறைவையும், ஒன்றில் மட்டும் மிகுந்தால் அத்திசைக்குரிய கிளட்சையும் ஐயுறலாம். இவற்றுக்குப் பின்னரே மாற்றுவதா, திறந்து பழுதுபார்ப்பதா என முடிவு செய்வது முறையாகும்.

இலங்கைக் கராஜ்களின் கழற்றிப் பொருத்தும் அனுபவமும் இந்தியச் சேவை நிலையங்களின் கணினி ஆய்வுப் பழக்கமும் தனித்தனியே குறைபட்டவை. மொறட்டுவை இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் போன்ற நிறுவனங்களும் இந்தியாவின் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களும் எண்ணெய் அழுத்தம், வால்வுத் தொகுதி ஆகியவற்றின் ஆய்வைப் பாடத்தின் மையத்தில் வைத்தால், இளம் மெக்கானிக்குகள் இரண்டையும் சேர்த்துக் கற்பர். அதுவரை உரிமையாளர் செய்யக்கூடியது எண்ணெயின் வகை, மாற்றிய தேதி, ஓடிய தூரம் ஆகியவற்றை எழுதிவைப்பதும், ஆய்வு முடிவைக் கேட்டறியாமல் கியர்பாக்ஸை மாற்ற ஒப்புக்கொள்ளாதிருப்பதும் ஆகும்.