தாய் பார்த்துக்கொள்ளும் என்ற சாக்கு

நாட்டுக்கோழிக் காணொளி எதைத் திறந்தாலும் இப்போது ஒரே பாட்டுதான். கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம், மருந்து வேண்டாம். ஒரு அடைக்கோழி இருந்தால் போதும், மிச்சத்தைத் தாய் பார்த்துக்கொள்ளும். 250 கோழிப் பண்ணைக்குப் பாதி மானியம் கொடுத்து, அதிலேயே குஞ்சு பொரிக்கும் கருவிக்கும் அரசு இடம் வைத்ததே, அதற்கான எதிர்ப்பாகத்தான் இந்தப் பேச்சு கிளம்பியது என்று நினைக்கிறேன். கருவியில் பிறந்தது அநாதை, சிறகுக்குள் பிறந்ததே குஞ்சு என்று கிளிமூக்குச் சேவல் வளர்ப்பவர் தொடங்கி இயற்கை விவசாயிகள் வரை ஒரே குரலில் சொல்கிறார்கள். சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்களிடமும் இது வந்து சேர்ந்துவிட்டது. நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, கோழி அதுபாட்டுக்குப் பொரித்து வளர்க்கும், கைச்செலவுக்கு ஆகும் என்கிறார்கள். இந்தக் கடைசி யோசனை இல்லாவிட்டால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொரிப்பதில் அடைக்கோழிக்கு நிகர் கிடையாது. வயிற்று இறகை உதிர்த்து வெறுந்தோலை முட்டைமேல் வைத்து உட்காருகிறது. ஓரத்து முட்டையை உள்ளே இழுக்கிறது, உள்ளே இருப்பதை ஓரத்துக்குத் தள்ளுகிறது, அலகாலேயே புரட்டிவிடுகிறது. கருவியில் இதையெல்லாம் 37.5 டிகிரி, ஈரப்பதம், புரட்டும் தட்டு என்று தனித்தனியாக அமைக்க வேண்டும். பதினெட்டாம் நாள் ராத்திரி மின்சாரம் போய் வராமலே இருந்தால் வைத்த முட்டை அத்தனையும் போகக்கூடும். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை லெகார்னுக்கு அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். வனராஜா, நந்தனம் மாதிரி ஆராய்ச்சி நிலையக் கோழிகளையும் அடைக்கு நம்ப முடியாது. ஆகவே பொரிக்க வேண்டுமென்றால் ஊர்க்கோழியிடம்தான் வரவேண்டும், அதிலும் சிறுவிடையிடம். பெருவிடைக்கு உடம்பு கனம். முட்டையையும் நசுக்கும், சில நேரம் குஞ்சையும். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று கேட்டு வைத்தவர் பெருவிடையை அடைக்கு வைத்துப் பார்க்கவில்லை.

அடை வைக்கிற கைநேர்த்தியும் சாதாரணமானதல்ல. பழைய ஓலைப்பெட்டியோ சுளகோ எடுத்து, அடியில் மணலும் சாம்பலும் போட்டு, மேலே வைக்கோலைக் குழித்து, பன்னிரண்டு பதின்மூன்று முட்டையை அடுக்கி, ஓரத்தில் ஒரு இரும்பாணி, ஒரு அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் இரண்டு. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகாமல் இருக்கத்தான் இந்த ஆணியும் கரியும். சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் வானம் இடிப்பதைவிட மனிதன் இடிப்பது அதிகம். வெடி சோதித்துப் பார்க்கும் சத்தத்துக்கு நடுவிலும் அடைக்கோழி எழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் ஆணியின் வேலை என்றே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், ஆணியால் கெடுதல் ஒன்றுமில்லை. சாம்பல் நிஜமாகவே உதவுகிறது. மூன்று வாரம் சரியான மண்குளியல் இல்லாமல் கிடக்கும் கோழிக்குப் பேன் பிடிக்காமல் அது காக்கும். பிடித்தால் பிறந்த குஞ்சின் தலைக்குத்தான் நேராகப் போகும்.

பொரிப்பிலேயே ஒரு சின்னக் குறை உண்டு. கோழி பன்னிரண்டு முட்டை இட இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். முதல் முட்டை அதுவரை அரிசிப் பானையில் கிடக்கும். ஒரு வாரத்துக்கு மேல் பழசான முட்டை, அதுவும் விருதுநகர்ச் சித்திரை வெக்கையில், பாதி வளர்ந்து உள்ளேயே செத்துப்போகும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச்சு அடித்துப் பார்த்துக் கூமுட்டையைக் கழித்தாலே பாதித் தொல்லை தீரும். இது பெரிய விஷயமில்லை. என் சண்டை பொரித்த பிறகுதான் தொடங்குகிறது.

தெருவில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள். “எத்தன மதினி பொரிச்சது?” “பதிமூணு வச்சேன், பதினொண்ணு பொரிச்சிருச்சு, ரெண்டு கூமுட்ட.” கேட்டவருக்கும் சந்தோஷம், சொன்னவருக்கும் பெருமை. இரண்டு மாதம் கழித்து “எத்தன நிக்குது?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், “பருந்து தூக்கிருச்சு, ஏதோ நாலு நிக்குது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பதில் வரும். அடைக்கோழி முறையைப் புகழ்பவர்கள் எல்லாருமே பதினொன்றோடு கணக்கை மூடிவிடுகிறவர்கள். பதினொன்று எப்படி நாலானது என்பதைப் பற்றி ஒரு காணொளியிலும் நான் கேட்டதில்லை.

இது விருதுநகருக்கு மட்டும் உள்ள கதையல்ல. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேயவிட்டு வளர்க்கும் கிராமக்கோழிக் குஞ்சுகளில் பாதியும் அதற்கு மேலும் முதல் இரண்டு மாதத்திலேயே சாவது வாடிக்கை என்று கோழிவளர்ப்புக் கைநூல்கள் திரும்பத் திரும்ப எழுதிவருகின்றன. கிராமத்துப் பெண்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்ததும் நாலு வாரக் குஞ்சுகள்; சாவு மிகுந்த நாட்களைப் பண்ணையிலேயே கழித்துவிட்டு அனுப்பிவைத்தார்கள். ஆனால் சொந்த அடைக்கோழியின் குஞ்சு சாகும்போது அது நஷ்டமாகவே தெரிவதில்லை. காசு கொடுத்து வாங்கினால் ஒரு குஞ்சு செத்தாலும் மனசு பதறும். வீட்டில் பொரித்தது சும்மா வந்ததுதானே, போனால் போகிறது. செலவில்லை என்பதைத்தான் இந்த முறையின் பெரிய பெருமையாகச் சொல்கிறார்கள். என் கணக்கில் அதுதான் பெரிய கேடு. செலவு தெரியாததால் சாவும் தெரியாமல் போகிறது.

உண்மையில் சும்மா வந்தது எதுவுமில்லை. அடைக்கு வைத்த பதின்மூன்று நாட்டு முட்டையும் கடையில் நல்ல விலைக்குப் போகக்கூடியவை. உட்கார்ந்திருக்கும் 21 நாளும், குஞ்சோடு திரியும் அடுத்த இரண்டு மூன்று மாதமும் அந்தக் கோழி முட்டையிடாது. வருஷத்துக்கு மூன்று ஈடு, மிஞ்சிப்போனால் நாலு. அந்த மூன்றில் ஒரு ஈட்டுக் குஞ்சு முழுக்கப் போனால் போனது ஒரு கோழியின் நாலு மாத உழைப்பு. பட்டாசு ஆலைகள் 2018 நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததைப் பார்த்த ஊர் இது. கைச்செலவுக்குக் கோழி என்று அங்கே யோசனை சொல்பவர் இந்த நாலு மாதத்தையும் சேர்த்துக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

தாய்க்கோழி எதைப் பார்த்துக்கொள்ளும் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சூடு கொடுக்கும், மேயக் கற்றுக்கொடுக்கும், காக்கையைக் கண்டால் பாய்ந்து அடிக்கும், பருந்தின் நிழல் விழுந்ததும் குரல் கொடுத்துக் குஞ்சை ஒளியவைக்கும். கீரியிடம் தோற்கும். தெருநாயிடம் பெரும்பாலும் தோற்கும். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த குஞ்சை எடுக்க அதற்குக் கையில்லை. வெள்ளைக் கழிச்சல், அம்மை, ரத்தக் கழிச்சல் என்றால் அது செய்ய ஒன்றுமே இல்லை. தாய்க்கு நோயெதிர்ப்பு இருந்தால் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்சம் வரும். அதுவும் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். தாய்க்கே தடுப்பு மருந்து போட்டதில்லை, நோயும் கண்டதில்லை என்றால் அந்தக் கொஞ்சமும் கிடையாது.

அப்படியானால் அந்தக் காலத்தில் எப்படி வளர்ந்தது என்று கேட்பார்கள். வாசல் திண்ணையில் ஒரு அப்பத்தா உட்கார்ந்திருந்தாள். காக்கைக்குக் கல் எறிந்தாள். வெயில் ஏறியதும் பஞ்சாரத்தை வேப்பமரத்தடிக்கு நகர்த்தினாள். சிரட்டையில் தண்ணீர் மாற்றினாள். குருணை மட்டும் போட்டால் குஞ்சு தேறாது என்று அவளுக்குத் தெரியும். பழைய சட்டியில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் கவிழ்த்துவைத்தாள், விடிந்ததும் அதில் ஏறியிருந்த கரையானைத் தட்டிப் போட்டாள். இன்று இயற்கை முறை என்று பெயர் சூட்டிக் கொண்டாடுவதில் சரிபாதி இந்தக் கிழவியின் நாள்முழுக்க உழைப்பு. அதற்கு யாரும் கூலி போடவில்லை என்பதால் கோழியின் பெயரில் வரவு வைத்துவிட்டார்கள்.

அந்தத் திண்ணை இப்போது காலி. பட்டாசுக் கம்பெனி வண்டி காலை ஏழு மணிக்கே வந்து நிற்கிறது. திரி வெட்டுகிறவரும் குழாய் சுற்றுகிறவரும் அதில் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். துண்டுக்கூலி என்பதால் நடுவில் ஒரு நடை வந்து பார்க்கவும் வழியில்லை. கிழவிகளிலும் கை ஓடுகிறவர்கள் நூறு நாள் வேலைக்கோ தீப்பெட்டி ஒட்டவோ போகிறார்கள். கோழியையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டுப் போனால் பத்து மணிக்கு மேல் நிழல் நகர்ந்து வெயில் நேராக விழும், சிரட்டையைக் கோழி சீய்த்துக் கவிழ்த்துவிடும். திறந்துவிட்டுப் போனால் காக்கைக்கும் நாய்க்கும். இந்த வீட்டுப் பெண்ணிடம் போய், தாய் பார்த்துக்கொள்ளும், நீ வேலைக்குப் போ என்று சொல்வது யோசனையா? நாளெல்லாம் கருமருந்தில் கை வைத்துவிட்டு வருகிறவள் வாசலில் மூன்று குஞ்சு செத்துக் கிடப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சொல்லப்படுவது, உன் கோழி தாய்மை இல்லாத கோழி, இனத்தை மாற்று என்பது. கோழி தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஆள் செய்ய வேண்டியதைத்தான் செய்ய ஆளில்லை.

எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆத்திரம் மருந்து விஷயத்தில். வெள்ளைக் கழிச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1920களின் கடைசியில், இமயமலையில் உள்ள ராணிக்கேத்தில். அந்த ஊர்ப் பேரிலேயே நோயைச் சொல்கிறோம். அதற்குத் தடுப்பு மருந்து வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, மூன்று நாலு வாரத்தில் இன்னொரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. இவ்வளவுதான். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத்துறை இரண்டு வாரம் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாக ஊசி போடுகிறது. அது எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு. ஆகப் பெரிய சாவு நடப்பது எட்டு வாரத்துக்குள். பங்குனியிலும் ஆடியிலும் பொரித்த குஞ்சு பிப்ரவரி முகாமுக்குக் காத்திருக்க வேண்டுமா?

சொட்டு மருந்து 100 குஞ்சுக்கான குப்பியாக வருகிறது. ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் 90 சொட்டைக் கொட்ட மனசில்லாமல் விட்டுவிடுகிறார். இதில் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். துறையிலும் குப்பியைச் சின்னதாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போல. ஆனால் வழியில்லாமல் இல்லை. தெருவில் நாலு வீட்டு அடைக்கோழியை ஒரே நாளில் உட்காரவைக்கலாம். முந்திக்கொண்ட கோழியை நாலு நாள் கூமுட்டை மேலேயே உட்காரவைத்துக் காத்திருக்கச் செய்யலாம், ஏமாறும். பொரித்த அன்று ராத்திரி இருட்டில் குஞ்சுகளை இரண்டு கோழிக்குள் நுழைத்துவிட்டால் விடியும்போது தன் குஞ்சு, ஊரான் குஞ்சு என்ற பேதம் இருக்காது. மற்ற இரண்டு கோழியும் சீக்கிரமே முட்டைக்குத் திரும்பிவிடும். நாற்பது குஞ்சுக்கு ஒரு குப்பி, பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாத ஒரு ஆள், அவருக்கு ஈட்டுக்கு இரண்டு குஞ்சு கூலி. காணொளிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் இதில் ஆள் தேவைப்படுகிறது, கூலி தேவைப்படுகிறது, மருந்து தேவைப்படுகிறது. செலவில்லை என்ற தலைப்பு போடமுடியாது.

இதற்கெல்லாம் அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. சாவது சாகட்டும், நிற்பதுதான் இனம். மருந்து போட்டால் வீரியம் போய்விடும். கேட்க வீரமாக இருக்கிறது. கழிச்சல் முற்றிய வடிவில் தெருவுக்குள் நுழைந்தால் நல்லது கெட்டது என்று பொறுக்கி எடுப்பதில்லை. கழுத்து முறுக்கி, பச்சையாகக் கழித்து, ஒரு வாரத்தில் பஞ்சாரமே காலியாகும். மிஞ்சுவது பெரும்பாலும் அந்த வாரம் வேறு ஊரில் இருந்த கோழி. அதை வீரியம் என்று சொல்லலாமா?

இந்தத் தத்துவம் எல்லாக் குஞ்சுக்கும் பொதுவாகவும் இல்லை. கிளிமூக்கு, விசிறிவால் என்று ஒரு முட்டையே நூற்றுக்கணக்கில் விலைபோகும் ஈட்டைச் சிறுவிடைக்கு அடியில் வைக்கிறார்களே, அந்தக் குஞ்சு பொரித்த மறுநாளிலிருந்து நடப்பதைப் போய்ப் பாருங்கள். வலையடித்த தனிக்கூண்டு, குண்டு பல்பு, குஞ்சு மட்டும் நுழைகிற இடுக்கு வைத்த தீவனத் தட்டு, பண்ணைக் குஞ்சுத் தீவனம், ஏழாம் நாள் தவறாமல் கண்ணில் சொட்டு. அங்கே தாய்க்கோழி இருக்கிறது, அழகுக்கு. சேவல்காரர் வீட்டில் சொட்டு போட்டு மீந்த குப்பி கொட்டப்படும் அதே சாயங்காலம், அடுத்த தெருவில் கம்பெனி வண்டியிலிருந்து இறங்குகிறவளிடம் அவரே சொல்வார்: மருந்தெல்லாம் எதுக்கு, தாய் பாத்துக்கிரும்.