ருக்மணிதேவியை எந்தக் கணக்கில் எழுதுவது?

சிங்களச் சினிமாவின் முதற் கதாநாயகி ருக்மணிதேவியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் 'அவர் பிறப்பால் தமிழர்' என்ற பெருமிதத்தோடு நின்றுவிடுகின்றனர். சிங்களத்தில் எழுதுவோர் பலர் அச்செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். இவ்விரண்டுமே அக்கலைஞரை அளக்க உதவமாட்டா.

1923 இல் றம்பொடையில், கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தவர் டெய்சி ரசம்மா டானியல்ஸ். கிறிஸ்தவர். மேடைதான் அவரை ருக்மணிதேவி ஆக்கியது. பதின்ம வயதில் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் அவர் பாடி வெளிவந்த இசைத்தட்டு புத்தகயாவைப் போற்றுவது. பின்னர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் நடித்தார். அக்குழுவின் நாடகமே 1947 ஜனவரி 21 இல் முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' ஆகத் திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படமாக்கப்பட்ட இடம் மதுரை.

மினர்வா படங்கள் மேடையை அப்படியே கமராவின் முன் நிறுத்தியவை. உரத்த வசனமும் மிகையான சோகமும் அவற்றின் குறைகள். ருக்மணிதேவியின் நடிப்பும் அக்குறைக்கு விலக்கல்ல. ஆனால் அவர் பாடத் தொடங்கியதும் மிகை அடங்கிவிடுகிறது. வசனம் கூச்சலிட்ட துயரத்தைக் குரல் நிதானமாகச் சொல்கிறது. அவரது சாதனை அங்கேதான் இருக்கிறது.

1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' ஸ்டூடியோவை விட்டு வெளியேறிக் கிராமத்துக்குச் சென்றது. தென்னிந்தியப் பிரதிகளை விமர்சகர்கள் நிராகரித்தனர். அது நியாயமான நிராகரிப்பே. எனினும் 'தென்னிந்தியப் பிரதி' என்ற முத்திரை படங்களோடு நிற்கவில்லை. அவற்றை உருவாக்கிய மனிதர்மீதும் விழுந்தது. 1947 இன் 'அசோகமாலா'வுக்கு இசையமைத்த முகம்மது கௌஸ், சேலத்தில் பிறந்து சிங்கள மக்களின் பௌத்த பக்திப் பாடகராகவே ஆகிவிட்ட மொஹிதீன் பேக் ஆகியோரையும் இக்கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். பேக் ருக்மணிதேவியோடு இணைந்து பாடியவர்.

பேலியகொடையிலிருந்து நீர்கொழும்பு வீதியில் செல்பவர் இவ்வரலாற்றின் ஊடாகவே செல்கிறார். வீதிக்கு அப்பால் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ இருந்தது; 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. கந்தானையில் நாயகம் ஸ்டூடியோ அமைத்தார். ஜாஎலவை அடுத்த துடல்லையில்தான், மாத்தறை இசை நிகழ்ச்சியொன்றில் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பிய ருக்மணிதேவி 1978 ஒக்டோபர் 28 இல் வீதி விபத்தில் உயிரிழந்தார். முதற் கதாநாயகியின் பிற்காலம் ஊர் ஊராகச் சென்று பாடுவதாகவே இருந்தது.

ஸ்டூடியோவை எரித்தவர்களையும் படத்தை விமர்சித்தவர்களையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. ஆயினும் ஒரு கலையைக் கட்டியவர்களை 'வந்தவர்கள்' என்று எழுதிப் பழகிய சமூகத்துக்கு அவர்களது இழப்பு தன் இழப்பாகத் தெரிவதில்லை.

நம் எழுத்தாளருக்கும் இதில் பாடமுண்டு. பேக்கை 'நம்மவர்' என்று கொண்டாடுவது எளிது. அவர் அந்நிய மொழியின் உச்சரிப்பை எவ்வாறு தனதாக்கினார், ருக்மணிதேவியின் குரலோடு எவ்வாறு இசைந்தார் என்று கேட்டு எழுதுவதே கடினம். அதை எழுதாதவரை, பிறர் அவர்களை மறந்துவிட்டார்கள் என்று முறையிட நமக்கு உரிமையில்லை.