விண்டோஸுக்குக் குடிவந்த ‘நட்’

சிவகாசியில் அக்கா நடத்தும் டிடிபி கடையில் ஒரே ஒரு கணினி. அதற்குப் பின்னால், மேஜைக்கும் சுவருக்கும் நடுவே, அறுநூறு விஏ யுபிஎஸ் ஒன்று தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் போனால் அது கத்தும். அக்கா ஓடிப்போய்க் கோப்பைச் சேமித்து கணினியை அணைப்பார். கடையில் ஆள் இல்லாவிட்டால் அது தனியாகக் கத்திக் கத்தி ஓய்ந்துவிடும், கணினியும் கூடவே பட்டென்று அணையும். போன மார்கழியில் காலண்டர் வேலை உச்சத்தில் இருந்தபோது அப்படி இரண்டு முறை ஆனது. “நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே, இதுக்கு ஒரு வழி சொல்லுடா” என்றார்.

வழி என் வீட்டிலேயே இருந்தது. என் லினக்ஸ் கணினியில் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட், பல ஆண்டுகளாக ஓடுகிறது. யுபிஎஸ்ஸோடு பேசி, பேட்டரி தீரும் முன் கணினியை முறையாக அணைத்துவிடும் திறமூல மென்பொருள். 1990களில் ரஸ்ஸல் க்ரோல் தொடங்கியது. அது பேசும் நெறிமுறைக்கு 3493 என்ற போர்ட் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2022இல் ஆர்எஃப்சி 9271 ஆக எழுத்திலும் வந்துவிட்டது. ஆனால் அக்காவின் கணினி விண்டோஸ். அவர் பழகிய டிடிபி மென்பொருளும் எழுத்துருக்களும் விண்டோஸை விட்டு வராது. எனவே நட் அங்கே போயாக வேண்டும்.

யூனிக்ஸ் வீட்டில் பிறந்த நட்டை விண்டோஸில் ஓட்டும் முயற்சி புதிதல்ல. 2.6.5 காலத்திலேயே ஒரு சோதனைப் பதிப்பு உண்டு. அது தனிக்கிளையாகவே நெடுங்காலம் கிடந்து, 2023இல் வந்த 2.8.1இல்தான் மூல நிரலோடு சேர்ந்தது. நட்டுக்குள் மூன்று ஆட்கள்: யுபிஎஸ்ஸோடு பேசும் டிரைவர், அது சொல்வதை நெட்வொர்க்கில் தரும் சர்வர், கேட்டுக்கொண்டிருந்து அணைக்க முடிவெடுக்கும் கண்காணிப்பான். யூனிக்ஸில் டிரைவரும் சர்வரும் சாக்கெட் கோப்பு வழியே பேசும். விண்டோஸில் அதற்குப் பதில் ‘நேம்டு பைப்’. யூனிக்ஸில் பின்னணியில் போய் உட்காரும் நிரல்கள் இங்கே ஒரு விண்டோஸ் சர்வீஸின் கீழ் வந்துவிட்டன. பதிவேடு சிஸ்லாக்குக்குப் போகாமல் விண்டோஸ் ஈவன்ட் லாகுக்குப் போகிறது. இவ்வளவும் நன்றாகவே செய்திருக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை.

நிறுவுவதில்தான் பொறுமை வேண்டும். எனக்குக் கிடைத்தது சுருக்கக் கோப்பு. விரித்து, ஒரு ஃபோல்டரில் வைத்து, நிர்வாகி உரிமையோடு கட்டளைத்திரையைத் திறந்து சர்வீஸாகப் பதிவு செய்தேன். அமைப்புக் கோப்புகள் மாதிரிகளாக வருகின்றன, பெயரை மாற்றித் திருத்த வேண்டும். நோட்பேட் தன் வழக்கப்படி பெயரின் வாலில் ‘டிஎக்ஸ்டி’யை ஒட்டியிருந்தது. விண்டோஸும் அந்த வாலை மறைத்தே காட்டியதால், எல்லாம் சரியாக இருந்தும் ஏன் ஓடவில்லை என்று அரைமணி நேரம் முழித்தேன். இன்னொன்று: ஃபோல்டர் வழியில் வரும் பின்சாய்வுக் கோட்டை இந்தக் கோப்புகளில் இரண்டு முறை போட வேண்டும். ஒன்று போட்டால் அந்தக் கோட்டையே நட் விழுங்கிவிடும்.

அடுத்தது யுஎஸ்பி. விலை கூடிய யுபிஎஸ்கள் பலவும் யுஎஸ்பியின் பொதுவான மின்கருவி வகையைப் பின்பற்றுகின்றன. செருகியதும் விண்டோஸே மடிக்கணினி மாதிரி மூலையில் பேட்டரிப் படம் போடும். அந்த வகை உங்களிடம் இருந்தால், கணினியும் ஒன்றே என்றால், நட் வேண்டாம். பவர் ஆப்ஷன்ஸில் பேட்டரி குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று குறித்துவிட்டால் வேலை முடிந்தது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் விலை குறைந்த ரகம் அப்படியல்ல. உள்ளே பழைய சீரியல் காலத்து மெகாடெக் நெறிமுறை, வெளியே ஒரு யுஎஸ்பி முகமூடி. அக்காவினுடையதும் அதுதான். யுஎஸ்பி அடையாளம் 0665:5161. ஒரே எண்ணோடு எத்தனையோ பிராண்டுகள் உலவுகின்றன. கூடவே வந்த சிடியில் ஒரு மென்பொருள் இருந்தது. (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.) பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து, வண்ணவண்ணமாய்ப் படம் காட்டி, அணைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் சும்மா இருந்தது.

நட் இந்த யுபிஎஸ்ஸைத் தொட வேண்டுமென்றால், விண்டோஸ் தானாக மாட்டிய டிரைவரைக் கழற்றி வின்யுஎஸ்பியை மாட்ட வேண்டும். ஜாடிக் என்ற சிறு கருவி அதைச் செய்கிறது. பட்டியலில் கணினியில் செருகிய எல்லாமே வரும், கீபோர்டும் மவுஸும் உட்பட. அவசரத்தில் நான் மவுஸைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டேன். அம்பு அப்படியே நின்றது. டேப் விசையை வைத்துக்கொண்டே டிவைஸ் மேனேஜர் வரை போய் மீட்டேன். அத்தான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய தண்டனை.

இணைப்பு கிடைத்த பிறகு, டிரைவரை டீபக் முறையில் ஓட்டிப் பார்ப்பது ஒரு சுகம். அது சில விநாடிக்கு ஒருமுறை ஒரே கேள்வி கேட்கிறது, யுபிஎஸ் ஒரே வரியில் பதில் சொல்கிறது:

(231.4 231.4 231.4 027 50.1 13.6 25.0 00001001

உள்ளே வரும் வோல்டேஜ், கடைசியாகக் கோளாறு கண்ட வோல்டேஜ், வெளியே போகும் வோல்டேஜ், சுமை நூற்றுக்கு 27, அதிர்வெண், பேட்டரி வோல்டேஜ், வெப்பம், கடைசியில் எட்டுக் கொடிகள். சுவர் ஸ்விட்சை அணைத்தேன். எட்டில் முதல் பூஜ்யம் ஒன்றானது, கரண்ட் போய்விட்டது என்று பொருள். இரண்டாவதும் ஒன்றானால் பேட்டரி தீரப்போகிறது. முதலாவதை நட் ‘ஓபி’ என்றும், இரண்டாவதை ‘எல்பி’ என்றும் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் கண்காணிப்பான் கணினியை அணைக்கும். வெப்பம் என்ற இடத்தில் உள்ள 25.0ஐப் பாருங்கள். சித்திரை வெயிலில், ஃபேன்கூட இல்லாத மூலையில், இருபத்தைந்து டிகிரியாம். உள்ளே வெப்பமானியே இல்லை, எண்ணை எழுதி வைத்துவிட்டார்கள்.

பேட்டரி எத்தனை சதவீதம் என்பதும் இந்தப் பதிலில் இல்லை. நட் வோல்டேஜை வைத்து ஊகிக்கிறது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு 10.4 என்றால் காலி, 13.0 என்றால் முழுசு. கரண்ட் இருக்கும்போது 13.6, எனவே நூறு. ஸ்விட்சை அணைத்த கொஞ்ச நேரத்தில் 12.1, ஆகவே 65. பேட்டரி ஒன்றும் அவ்வளவு தீர்ந்துவிடவில்லை, சுமை ஏறியதும் வோல்டேஜ் சாய்ந்திருக்கிறது. இந்தச் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் யுபிஎஸ் தானாகக் கொடுக்கும் ‘எல்பி’யை இதைவிடக் குறைவாகவே நம்புவேன். பழைய பேட்டரியில் அது வருவதற்குள் எல்லாம் இருண்டுவிடும். அதனால் யுபிஎஸ்ஸின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதே, ஊகம் நாற்பதுக்கு வந்ததும் முடிவெடு என்று அமைத்தேன். நட்டில் அதற்கு வசதி இருக்கிறது. சிடியில் வந்த மென்பொருளில் இல்லை.

இனி முக்கியமான சங்கதி. மாதிரிக் கோப்பில் இருந்த மாதிரியே, விண்டோஸின் ‘ஷட்டவுன்’ கட்டளையை பூஜ்ய விநாடித் தாமதத்தோடு கொடுத்திருந்தேன். சேமிக்காத ஒரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். நட் சரியான நேரத்தில் கட்டளை கொடுத்தது. விண்டோஸோ, ‘இந்த மென்பொருள் அணைய விடாமல் தடுக்கிறது’ என்று ஒரு திரையைக் காட்டி, பதிலுக்குக் காத்து நின்றது. பேட்டரி போகும்வரை நின்றது. தாமதம் பூஜ்யமாக இருந்தால் விண்டோஸ் மென்பொருள்களை வற்புறுத்தி மூடாது என்பது பிறகுதான் உறைத்தது. வற்புறுத்தச் சொன்னால் மூடும். ஆனால் சேமிக்காத வேலை போய்விடும், அக்கா கேட்டது அதுவல்ல.

பிறகு ஹைபர்னேட் கொடுத்துப் பார்த்தேன். நினைவகத்தை டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினி அணைந்தது. கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்தினால், பாதி அடித்த கல்யாணப் பத்திரிகை கர்சர் நின்ற இடத்தோடு திரும்பி வந்தது. “அட, அப்படியே இருக்குடா!” என்றார் அக்கா. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மறுநாள் மறுபடி கரண்ட் போனபோது கணினி பட்டென்று அணைந்தது.

கண்காணிப்பான் ஓடிக்கொண்டிருக்கவே இல்லை. அணைக்கும் கட்டளையைக் கொடுத்ததும் தன் வேலை முடிந்தது என்று வெளியேறும்படிதான் அது எழுதப்பட்டிருக்கிறது. யூனிக்ஸ் சர்வரில் அது நியாயம், அணைந்த இயந்திரம் புதிதாகத்தான் எழும். தூங்கி விழிக்கும் இயந்திரத்தை அந்த நிரல் கற்பனை செய்யவில்லை. சாக்கெட்டைப் பைப்பாக மாற்றியவர்கள் இந்த நம்பிக்கையை மாற்றவில்லை, யாரும் அவர்களைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். டாஸ்க் ஷெட்யூலரில், கணினி விழித்ததும் நட் சர்வீஸை நிறுத்தித் தொடங்கு என்று ஒரு வேலை போட்டுச் சரிசெய்தேன்.

இதே மாதிரி இன்னொன்று. லினக்ஸில் எல்லாம் அடங்கி, கோப்பு அமைப்பும் எழுத முடியாத நிலைக்குப் போன கடைசித் தருணத்தில், ‘இன்னும் அரை நிமிடத்தில் நீயும் அணைந்துவிடு, கரண்ட் வந்தால் மூன்று நிமிடம் கழித்து எழு’ என்று நட் யுபிஎஸ்ஸிடம் சொல்லும். கரண்ட் திரும்பியதும் சர்வர் தானாக எழுவது அதனால்தான். விண்டோஸில் அவ்வளவு கடைசியான தருணம் வெளியாள் மென்பொருளுக்குக் கிடைப்பதில்லை, சர்வீஸ்கள் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிடும். நான் யுபிஎஸ்ஸை அணைக்கவே சொல்லவில்லை. காலையில் ஆள் வந்து பொத்தானை அழுத்தும் கடைக்கு இது குறையே இல்லை. ஆளில்லாத அறையில் விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய குறை. அவர்கள் பழைய ராஸ்ப்பெரி பை ஒன்றில் லினக்ஸ் போட்டு, யுபிஎஸ்ஸை அதில் மாட்டி, விண்டோஸில் கண்காணிப்பானை மட்டும் ஓட்டுவது நல்லது. ஜாடிக்கோடு மல்லுக்கட்டும் வேலையும் மிச்சம்.

மூன்று மாதமாகக் கடையில் ஓடுகிறது. ஒரு பகல் முழுக்க ஒதுக்கி, கட்டளைத்திரைக்குப் பயப்படாமல் உட்கார முடிந்தால், மெகாடெக் ரக யுபிஎஸ்ஸுக்கு விண்டோஸில் இதைவிட நம்பகமானதை நான் பார்க்கவில்லை. அதில் பாதி நாள் பிழை திருத்துவதில்தான் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிறுவி முடித்ததும் ஒருமுறை கரண்டை நிறுத்திப் பாருங்கள், இரண்டாவது முறையும் பாருங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த்தும் சேர்ந்து போய்விடும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதும்.