எழுந்து நிற்கும் வித்தை

நானாட்டானிலே, கட்டுக்கரைக்குளத்து நீர் பாய்ந்து வழுக்கும் வயல் வரம்பின்மேல், மதியச் சோற்றைத் தலையில் சுமந்து செல்லும் பெண்ணின் பாதம் யோசனையின்றிச் செய்துவிடும் காரியத்தை, ஓர் இயந்திர மனிதனுக்குக் கற்பிக்க முயலும் பட்டப்படிப்பு மாணவர்களின் பிரயாசையை எண்ணுந்தோறும் என் மனம் உவகை கொள்கிறது. ஒரு காலைத் தூக்கிய கணத்திலே பாரம் முழுவதும் மற்றக் காலுக்குச் செல்லவேண்டும். தரை எதிர்த்துத் தாங்கும் விசையின் மையம் ஊன்றிய பாதத்துக்குள்ளேயே அடங்கவேண்டும். அது விளிம்புக்கு வந்துவிட்டால் உருவம் சாயத் தொடங்கும். கணுக்காலிலும் முழங்காலிலும் பொருத்திய சர்வோ மோட்டார்களின் சிறு பற்சக்கரங்கள் எழுப்பும் கீச்சொலிக்குச் செவி பழகிய மாணவன், அந்த நாதம் சற்றே கடுமையானதும், மூட்டு திணறுகிறதென்பதை விரலால் தொட்டு, அதன் வெப்பத்தாலும் நடுக்கத்தாலும் உறுதி செய்கிறான். சூத்திரம் எழுதும் கையே திருகாணியும் முடுக்குகிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

2002 முதல் ரோபோகப் என்னும் இயந்திரப் பந்தாட்டப் போட்டிகளில் இத்தகைய மனித உருவங்கள் பந்தாடி வருகின்றன. அவை பந்தை உதைப்பதைக் காட்டிலும், விழுந்தபின் கைகளை ஊன்றி, முழங்காலை மடக்கி, மெல்ல எழுந்து நிற்பதையே நான் மேலான வித்தையென்பேன். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கிறது. அங்கு செல்லும் நம் பிள்ளைகளுக்கு, இறுதியாண்டுவரை காத்திராமல், முதலாம் ஆண்டிலேயே இத்தகைய ஆய்வில் கைவைக்க இடங்கொடுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்.